காகங்களின் மௌன விரதம்

கற்பிட்டி
3.5.2013

என் மருமகள் அஜித்தாவுக்கு,

கலியாண வீட்டுக் கித்தார்ச் சக்கரவர்த்தி, பிறர் பாட்டையெல்லாம் பதிந்து மெருகேற்றி இசைத்தட்டாக்கும் தயாரிப்பாளர் திலகம், உன் தாய்மாமன் தோமஸ் எழுதிக்கொள்வது.

இத்தாலிக்குப் போக முதல் நீ பாடிவைத்த ஐந்து பாட்டில் இரண்டு முடிந்தது. புதிதாகக் கித்தாரும் வாசித்துச் சேர்த்து, மிலானுக்கு வரும் பவுலினா கையில் அனுப்புகிறேன். கேட்டால் மிலான் நகரமே வேலைக்குப் போகாது. இங்கே நிக்கொலஸ் மட்டும், நான் பதிந்துகொடுத்த தன் பாட்டைக் கேட்டுவிட்டு, "என்ன அண்ணே, காதுக்குள்ள ஊசி ஏத்துற மாதிரி கிடக்கு" என்றான். மீன் ஏலத்தில் கத்திக் கத்திச் செத்த காது அவனுக்கு!

ஊர்ப் புதினம்: இந்த வருடம் கற்பிட்டிக் காகங்கள் மௌன விரதம். வேலியில் பத்தாயிரம் இருக்கும், ஒரு சத்தமில்லை. கடலும் பூனைபோல வந்து போகிறது. தொலைபேசிக்காரனும் உன் குரலில் பாதியைத்தான் அனுப்புகிறான். ஆகவே அழைப்பு எடுக்காதே, எழுது. நேற்று உன் அம்மா ஒரு மணித்தியாலம் கதவைத் தட்டினாளாம். நான் செத்தேனென்று சுவாமியாரையே கூட்டி வந்துவிட்டாள்!

அகில உலகப் புகழ்
தோமஸ் மாமா

மிலான்
26.5.2013

அன்பான தோமஸ் மாமாவுக்கு,

பாட்டுகள் கிடைத்தன. கோபிக்கக்கூடாது. என் குரல் தகரத்தைச் சுரண்டுவதுபோல் கூராக இருக்கிறது. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதான். அதைத் திருத்தலாம். மற்றதுதான் எனக்குப் பயம். நீங்கள் புதிதாக வாசித்த கித்தாருக்குப் பின்னால், தொடக்கத்திலிருந்து முடிவுவரை காகங்கள் கரைகின்றன.

ஒரு ஈ பறந்ததற்காக என்னை ஒன்பது தரம் பாடவைத்தவர் நீங்கள்.

புத்தளத்துக்குப் போய்க் காதைக் காட்டுங்கள், மாமா. மீதி மூன்று பாட்டையும் உங்களைத் தவிர வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

உங்கள்
அஜித்தா

கற்பிட்டி
9.6.2013

அஜித்தா,

பத்து மைலுக்கு அப்பால் இறால் இருமினாலும் கேட்கிற காது இது என்று உனக்கு நாலு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

நிக்கொலஸை யன்னலோரம் கதிரை போட்டு இருத்தி, "காகம் கத்தினால் கையைத் தூக்கு, நின்றால் இறக்கு" என்றேன். தூக்கினான். காத்திருந்தேன். கை இறங்கவேயில்லை. அழுகிறான், மடையன்.

புத்தளத்து வைத்தியர், தான் சொன்னது என் காதில் விழவில்லை என்று கண்டு, தாளில் எழுதிக் காட்டினார். வருடம் முடிய முன் மிச்சமும் போய்விடுமாம்.

உன் மூன்று பாட்டையும் சிலாபத்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். மாட்டேன் என்று எழுதாதே.

யன்னல் திறந்தேதான் கிடக்கிறது. வேலியில் காகங்கள் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

தோமஸ்