முயல் பேசாது

அன்பு மகள் துங்கலக்குக்கு, அப்பா பல்தன் சொல்லச் சொல்ல, பக்கத்துக் கூடாரத்து லாரிக்காரன் கொம்போ எழுதுவது.

குளிர்காலத்தை நல்லபடியாகக் கழிக்கிறாயா, உடம்பு சுகமா? இங்கே செம்மறிகள் சதைப்பிடிப்போடுதான் இருக்கின்றன. வெள்ளாடுகளில் சில குளிருக்குப் போய்விட்டன. உன் பெண் அனுஜின் நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வருவதைப் படித்து நீ பதறக் கூடாது.

இலையுதிர் காலத்துக்குப் பிறகு உன் குரல் கேட்கவில்லை. கொம்போவின் போனிலிருந்து உன் எண்ணைப் போட்டால், ஒரு கொரியப் பெண் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுகிறாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "எனக்கென்ன கொரிய பாஷையா தெரியும் மாமா? லாரி பாஷைதான் தெரியும்" என்கிறான். நீ இருக்கும் ஊர்ப் பெண்ணாயிற்றே என்று, போன் அணையும்வரை அவள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே தங்குவதற்குக் காகிதம் இல்லாதவர்களைப் பிடிக்கிறார்களாம். ராத்திரி வேலையில் இயந்திரம் கையை இழுத்துவிடுமாம். கெட்டதை வாயால் சொன்னால் அது வழி தெரிந்து வந்துவிடும். இதோடு நிறுத்துகிறேன்.

போன மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் விளையாடினாள். பொழுது சாயும்போது மூச்சு விசில் அடித்தது. டாக்டர் இருக்கும் ஊருக்குப் போக கொம்போவின் லாரி இல்லை. மோட்டார் சைக்கிள் குளிரில் உறைந்து கிடந்தது. சிவப்புக் குதிரைக்குச் சேணம் போட்டேன்.

இருட்டில் பிள்ளையை வெளியே எடுத்தால் நாம் செய்வதைச் செய்தேன். சட்டியின் அடிக்கரியைத் தொட்டு அவள் நெற்றியில் வைத்து, "இது குழந்தை இல்ல, முயல்" என்று வாசலைப் பார்த்துச் சொன்னேன். உன் நெற்றியிலும் இதே விரலால் வைத்திருக்கிறேன். இருட்டில் திரிவது எதுவானாலும் முயலை விட்டுவிடும்.

"தாத்தா, உனக்கு?" என்று கேட்டாள்.

நான் கிழவன், என்னை யார் தூக்கிப்போவார்கள் என்றேன்.

"அம்மாவும் பெரியவதான். இருட்டுலதான லாரியில ஏறினா? நல்லபடியா போகணும்னு பின்னாடி பால் தெளிச்சோம். கரி வைக்கலயே. அதான் புடிச்சிட்டுப் போயிட்டாங்களா?"

கொம்போ இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைக்கிறான். அவள் காய்ச்சல் கையைச் சட்டியில் தேய்த்து என் நெற்றியில், கண் வரைக்கும், இழுத்துவிட்டாள். "இப்ப நீயும் முயல். கெழட்டு முயல்" என்றாள்.

தோல் அங்கிக்குள் அவளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். "இங்க ரெண்டு முயல்தான் போகுது" என்று உள்ளிருந்து இருட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கோ ஓநாய் ஊளையிட்டது. குதிரையின் காது விறைத்தது. ஆற்றுப் பனியைத் தாண்டும்போது அவள் குரல் நின்றுபோயிற்று.

பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அங்கியைத் திறந்து பார்க்கலாம் என்றால் உள்ளே குளிர் பாய்ந்துவிடும். என் நெஞ்சில் அடிப்பது அவள் நெஞ்சா என் நெஞ்சா என்று பிரித்தறிய முடியவில்லை. உன் அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. குதிரையை உதைத்துக்கொண்டே கத்தினேன், கெஞ்சினேன்.

அப்போது அங்கிக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "சும்மா வா தாத்தா. முயல் பேசாது."

அதன் பிறகு டாக்டர் வீட்டுக் கதவு வரை நானும் பேசவில்லை. கண்ணில் வழிந்தது இமையில் உறைந்துபோயிற்று. கதவைத் திறந்த டாக்டரம்மா எங்கள் முகத்தைப் பார்த்து, "யாருக்குய்யா காய்ச்சல், ரெண்டுல எந்த முயலுக்கு?" என்றாள். நுரையீரலில் சளி கட்டியிருந்தது, ஊசி போட்டுத் தேற்றினாள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தாள். சொல்ல வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்தேன்.

இப்போது ஓடுகிறாள், கன்றுக்குட்டியின் வாலை இழுக்கிறாள். ஆனால் பொழுது சாய்ந்தால் எங்கிருந்தாலும் வந்துவிடுகிறாள். பெட்டிமேல் இருக்கும் உன் படத்தின் கண்ணாடியில், நெற்றிக்கு நேராக, கரி வைக்கிறாள். காலையில் நான் துடைக்கப் போனால் கையைக் கடிக்கிறாள்.

கொம்போவின் மச்சினி கொரியாவுக்கு வருகிறாள். நீ கடைசியாகச் சொன்ன ஆலையில் விசாரித்து இதைக் கொடுப்பாள். உள்ளே சிறு பொட்டலம் இருக்கும். அழுக்கு என்று கொட்டிவிடாதே. உன் மகள் அவளே சட்டியைச் சுரண்டி எடுத்த கரி. இருட்டில் வெளியே போகும்போது வைத்துக்கொள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

பதில் எழுத நேரமில்லை என்றால் எழுத வேண்டாம். எழுதினாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கரியில் விரலைத் தொட்டு ஒரு தாளில் அழுத்தி அனுப்பிவிடு. அது உன் விரல் என்று எனக்குத் தெரியும். குழந்தைக்கும் காட்டுவேன்.

உன் உச்சியை முகர்ந்து,
அப்பா.