பாதி வழி விமான நிலையம்

மார்ச் 4

மாண்புமிகு மருமகள் வாலு அவர்களுக்கு,

மாமனின் ஆசிகள் ஒரு லாரி நிறைய.

என் அக்காவை, அதாவது உன் அம்மாவை, உன்னோடு வைத்துக்கொள்ள அனுப்பச் சொல்லியிருந்தாய். ஒன்பதாயிரம் கிலோமீட்டர், பறக்கப் பன்னிரண்டு மணி நேரம் என்கிறது விமானக் கம்பெனி. சுத்தப் புளுகு. அக்கா வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை போனதும் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பதற்குள் விமானத்துக்கே நரைத்துவிடும். முழங்கால் வேறு மடங்காது. நடுவில் இறங்கி விமானம் மாற வேண்டும். தனியாக அனுப்ப முடியாது. கூட வர எனக்கு விசா இல்லை. ஆகவே பயணம் ரத்து என்று அரசவை தீர்மானித்துவிட்டது. அரசவை என்றால் நானும், நான் ஓட்டும் பள்ளிக்கூட வேனும்.

இங்ஙனம்,
வான்வழிப் பேரரசர், உன் மாமா


மார்ச் 19

அன்புள்ள மாமா,

டூட்டி முடிந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். வார்டில் இந்த மாதமும் நர்ஸ் குறைவு. வீட்டுக்கு வந்தால், சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை.

விமானம் மாறும் நிலையம் ஏறக்குறையப் பாதி வழியில் இருக்கிறது. வெளியே போகாமல் உள்ளேயே இருந்தால் விசா வேண்டாமாம். நீங்கள் அதுவரை கூட்டி வாருங்கள். நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் லீவு கிடைக்கும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா. தூரம்தான் தடையா? அம்மா இல்லாமல் உங்களால் இருக்க முடியாது என்றால் அதையே எழுதுங்கள். இனிமேல் கேட்க மாட்டேன்.

வாலு


ஏப்ரல் 2

வாலு,

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன், கடைசிப் பத்தியைத் தவிர.

“நீ என்னடா சொல்றே?” என்றாள்.

“எனக்கென்ன, ராஜா மாதிரி இருப்பேன்.”

“ராஜாவுக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா?”

அரசவை அத்துடன் கலைந்தது.

வருகிறோம். ஒரே நிபந்தனை: அந்தப் பாதி வழி நிலையத்துக்கு வந்ததும், யாரோடு போவது என்று அக்காவே முடிவு செய்யட்டும். திரும்பும் டிக்கெட்டை இரண்டு பேருக்கும் எடுத்து வை.

மாமா


ஏப்ரல் 30

வாலு,

ஊர் வந்து சேர்ந்தேன். நீ கேட்காத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விமான நிலையத்து நாற்காலி வரிசையில், வந்து உட்கார்ந்த சூட்டோடு, பாதிப் பேச்சில் அக்கா தோளில் சாய்ந்து தூங்கிப்போனாய். உன்னை எழுப்பாமல் அக்கா மெல்லச் சொன்னாள்: “நானும் உன்னோடயே திரும்பி வந்துடறேன்டா. இவளே இப்படி இருக்கா, என்னை வேற எப்படிப் பார்த்துப்பா? நீயும் அங்கே தனியா...”

அந்த வார்த்தைக்காகத்தான் நிபந்தனையே போட்டேன். கேட்டதும் உன்னைப் பார்த்தேன். கைப்பையை மார்போடு அணைத்து, வாய் பிளந்து, யாரோ அடித்துப் போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தாய்.

“எனக்கு ஆள் பார்த்தாச்சுக்கா,” என்றேன். “சமைக்க ஒருத்தர், துவைக்க ஒருத்தர், திட்டறதுக்குத் தனியா ஒருத்தர். நாளைக்குப் பட்டாளமே வருது.”

என் புளுகு ஒன்றைக்கூட இதுவரை நம்பாதவள், “அப்ப சரி,” என்றாள். நம்பினாளோ, நம்பியது போல இருந்தாளோ. உன் தலையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

இங்கே யாரும் வரவில்லை. இதை அவளுக்குப் படித்துக் காட்டாதே.

திரும்பும்போது அக்காவுக்கு எடுத்திருந்த பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. பணிப்பெண், “கூட வர வேண்டியவங்க எங்கே சார்?” என்றாள். “தூங்கறாங்க,” என்றேன்.

மாமா