வண்ணத்துப்பூச்சி ஓட்டமும் புல்வெட்டு ஆர்டரும்

ஜனவரி 5, ஞாயிறு

இன்றும் ஓடினேன். ஓடினேன் என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். டாலிகஞ்ச் மேட்டில் ஒரு ஆடு என்னைத் தாண்டிப் போனது. சம்சாத் மட்டும் பேசிக்கொண்டே ஓடுகிறாள். நாள் முழுக்கத் துணிக்கடையில் நிற்கிறவளுக்கு விடியற்காலையில் இவ்வளவு மூச்சு எங்கிருந்து வருகிறதோ!

ஓடை வளைவில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். புதர்மேல் படர்ந்த ஒரு கொடி, அதில் முள்முள்ளாகக் கருஞ்சிவப்புப் புழுக்கள். "கிளப்டெயில் வண்ணத்துப்பூச்சியோட குஞ்சுங்க அக்கா. நம்ம அந்தமானை விட்டா வேற எங்கயும் கிடையாது. இந்தக் கொடியைத்தான் தின்னும். இந்த ரோட்டுல இது ஒண்ணுதான் இருக்கு."

முதலில் அருவருப்பாக இருந்தது. அப்புறம் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சம்சாத் இழுக்கும்வரை நின்றேன் — ஞாயிற்றுக்கிழமை என்று இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை.

ஜனவரி 8

குடியிருப்போர் சங்கக் கூட்டம். பிப்ரவரி 9 அன்று 'வண்ணத்துப்பூச்சி ஓட்டம்'. மைதானத்தில் கிளம்பி ஓடை வளைவு வரை போய்த் திரும்ப வேண்டும். பூச்சிகளைப் பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டும். யோசனை சம்சாத்துடையது, கைதட்டல் எல்லாருடையதும்.

செயலாளர் கோவிந்தராஜ் அண்ணன் எழுந்தார். "சீஃப் கெஸ்ட் இல்லாம ஒரு ஃபங்ஷனா? பெரிய சாஹப் யாராச்சும் வந்தாத்தான் பேப்பர்ல வரும்." அரசாங்க ஆபீசில் இருக்கிற நான் சும்மா இருக்கலாமா? கையைத் தூக்கிவிட்டேன்.

ஜனவரி 17

நான் போய்க் கேட்ட பெரிய அதிகாரி ஓட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டார்! சேமியா பாயசம் வைத்தேன். எனக்கு நானே இரண்டு டம்ளர்.

ஜனவரி 21

இவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரிப்பு. மழைக்காலம் முழுக்க ஒரு கான்ட்ராக்டும் இல்லாமல் வீட்டிலிருந்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். "ஜெயந்தி, ஆர்டர் கிடைச்சிருச்சு!"

எனக்கும் சந்தோஷம்தான். என்ன வேலை என்றேன்.

"டாலிகஞ்ச் ரோடு. ரெண்டு பக்கமும் புல்லு, புதர், ஜங்கிள் எல்லாம் வெட்டி சாஃப் பண்ணணும். மரத்துக்குச் சுண்ணாம்பு. ஓட்டப் பந்தயத்துக்குப் பெரிய சாஹப் வர்றாராம்ல?"

கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அந்த சாஹபை வரவழைத்தது யார்? நான். வெட்டப் போவது யார்? என் புருஷன். வண்ணத்துப்பூச்சியைக் காப்பாற்ற நடத்துகிற ஓட்டத்துக்காக வண்ணத்துப்பூச்சியின் வீட்டையே வழிக்கப் போகிறார்கள்.

வளைவை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். "ஒரு இடத்தை விட்டா ரோடு இன்ஜினியர் ஜேஇ சாஹப் பில்லை நிறுத்திருவார். அப்புறம் அடுத்த ஆர்டர் எவன் தருவான்? ஒரு புழுவுக்காகவா?"

ஒரு புழுவுக்காகவாம்!

ஜனவரி 22

பேச்சுவார்த்தை கிடையாது. சாம்பாரை நடுவில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். நான் என்ன கேட்டுட்டேன்? நகையா கேட்டேன், மெயின்லேண்டுக்கு டிக்கெட்டா கேட்டேன்? ஒரு வளைவு. ஒரே ஒரு வளைவு.

ஆனா அவர் சொல்றதும் பொய்யில்லையே. அதுதான் இன்னும் எரிச்சலா இருக்கு.

ஜனவரி 24

அதிகாரியின் பி.ஏ.வைப் பார்த்தேன். சாஹப் வராமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி சொல்லச் சொன்னார். "மேடம், வரணும்னு கெஞ்சுறவங்களைத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன்." புரோகிராம் போட்டாச்சு, மாற்ற முடியாது. புல் வெட்டச் சொன்னது அவர்கள் இல்லையாம். சாஹப் வருகிறார் என்றால் ரோடு ஆபீசில் அவர்களாகவே வெட்டிவிடுவார்களாம்.

அங்கிருந்து ஜேஇயிடம் போனேன். "ரோடு முழுக்க ஒரே மாதிரி இருக்கணும். நடுவுல ஒரு புதர் நின்னா என்னைத்தான் கேப்பாங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 1

சம்சாத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "புழுவைப் பக்கெட்டுல எடுத்துக்கலாம் அக்கா. தின்ன இலைக்கு எங்க போறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஓடுகிறவர்களுக்குத் தைத்த மஞ்சள் இறக்கைகளை மடிக்க ஆரம்பித்தாள். நானும் மடித்தேன். அழுகை வந்தது. இறக்கையில் துடைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6

காலையிலிருந்து மெஷின் சத்தம். ஆபீசுக்குச் சுற்றுவழியில் போனேன்.

சாயங்காலம் இவர் சட்டை முழுக்கப் புல்லோடு வந்து, நேராகக் குளிக்கப் போனார். அப்போதுதான் சம்சாத்தின் ஃபோன்: "அக்கா, ஜல்தி வளைவுக்கு வாங்க!"

போனேன். ரோட்டின் இரண்டு பக்கமும் மொட்டை. மரமெல்லாம் வெள்ளைக் காலுறை மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் வளைவில் — நாலு மூங்கில் நட்டு, கயிறு கட்டி, நடுவில் கொடி! ஒரு இலை வாடவில்லை. புழுக்கள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன. நானும் சம்சாத்தும் நடுரோட்டில் கட்டிப்பிடித்துக் குதித்தோம். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

நடந்ததை வேலையாட்களில் ஒருவர் சொன்னார். ஜேஇ வந்து கத்தினாராம். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சாஹப், யே மேரி பீவி கா ஜங்கிள் ஹை" என்றாராம்.

என் பொண்டாட்டியோட காடாம்! வீட்டுக்கு வந்து முகத்தைப் பார்த்தேன். "பில்லுல பிடிப்பாங்க. பிடிச்சுக்கட்டும்," என்றார் டிவியைப் பார்த்தபடி. "சாம்பாரைக் கையில குடுத்தாப் போதும்."

இந்த மனுஷனை என்ன செய்வது? ராத்திரிக்கு மீன் வறுத்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சாஹப் வரவில்லை.

அவசர மீட்டிங்காம். சுண்ணாம்பும் மொட்டையும் யாருக்காகச் செய்ததோ! கோவிந்தராஜ் அண்ணன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. கடைசியில் சம்சாத்தின் கழுத்தில் போட்டு, ஓட்டத்தைத் தொடங்கிவைக்கிற பச்சைக் கொடியைக் கையில் கொடுத்தார். அவள் அசைத்த வேகத்தில் கொடி கம்பிலிருந்து கழன்று பறந்துவிட்டது.

பெங்காலி, தெலுங்கு, மலையாளி என்று எல்லா வீட்டுக்காரர்களும் மஞ்சள் இறக்கை மாட்டிக்கொண்டு ஓடினோம். வளைவு வரைதான் ஓட்டம். அங்கே போனவர்கள் யாரும் திரும்பவில்லை. கயிற்றைச் சுற்றிக் கூட்டம். கறுப்பு இறக்கையும் சிவப்பு உடம்புமாக ஒன்று வந்து கொடியைச் சுற்றியது. அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். முதலில் வந்தவர்களும் அங்கேயே நின்றுவிட்டதால் எனக்குப் பதக்கம் கிடைக்கிற நிலைமை! நானும் நின்றுவிட்டேன்.

பிப்ரவரி 14

பில்லில் பிடித்துவிட்டார்கள். இரண்டு நாள் இவர் முகம் சரியில்லை. நான் காபியை மட்டும் ஸ்ட்ராங்காகப் போட்டேன்.

பிப்ரவரி 27

வேறு ஆபீசிலிருந்து இவருக்கு வேலை வந்திருக்கிறது. எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டில் ஒரு குடோனைச் சுற்றிப் புதர் வெட்ட வேண்டும். காலையில் ஃபெரி ஏறிப் போனார்.

பதினோரு மணி இருக்கும். ஃபைலுக்கு நடுவில் வாட்ஸப்பில் ஒரு படம். அவர் கட்டைவிரல் பாதியை மறைக்க, மீதியில் ஒரு கொடி. பின்னாலேயே அவர் குரல்: "ஜெயந்தி, இது அதுவா, வேறயா? இலை அதே மாதிரிதான் தெரியுது. புழு இருக்கான்னு பாத்தேன், கண்ணாடி கொண்டு வரல. நீ சம்சாத்தையும் கூட்டிட்டு வந்து பாத்துச் சொல்லு. அதுவரைக்கும் மெஷினை நிறுத்தி வச்சிருக்கேன். ஆளுங்க டீ குடிக்கிறாங்க."

அரை நாள் லீவு போட்டுவிட்டேன். சாத்தம் படகுத்துறையில் ஃபெரிக்குக் காத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். சம்சாத் கடையை அப்படியே போட்டுவிட்டு வருகிறாள். அவருடைய கண்ணாடி என் பையில் இருக்கிறது.