தண்டவாளத்துக்கு நகர்ந்த எல்லை

மார்ச் 4
வாசலில் மறுபடியும் சாக்கடைத் தண்ணீர். தெற்குத் தொகுதி உறுப்பினர் எங்கள் தெருவை மறந்து வெகு காலமாகிறது. செருப்பைக் கையில் பிடித்தபடி தண்ணீரைக் கடந்து, தொகுதி வரையறை ஆணையத்துக்கு வேலைக்குப் போனேன்.

பக்கத்து வடக்குத் தொகுதியின் கோப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. அங்கே உறுப்பினர் என் மனைவியின் அண்ணன். என் மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால், “நம்ம மாப்ள மேப்புக்குக் கலர் அடிக்கிறாரு” என்று என்னை அறிமுகப்படுத்தியவர். நான் புவியியலில் முதுகலை. மறப்பேனா?

மார்ச் 11
வடக்கில் ஜனம் அதிகம், தெற்கில் குறைவு. ஒரு துண்டை வெட்டித் தெற்கோடு ஒட்ட வேண்டும். ஆலைக்குப் பின்னாலுள்ள புது வீடுகளை வெட்டலாம். அல்லது, கால்வாயில் இருக்கும் எல்லையைத் தண்டவாளத்துக்கு நகர்த்தி, இடையிலுள்ள ரயில்வே குடியிருப்பைத் தெற்குக்குத் தள்ளலாம். இரண்டுமே விதிக்குள் அடங்கும்.

குடியிருப்பு முழுக்க மைத்துனரின் ஓட்டு. அது போனால் வடக்கில் அவர் கதை முடிந்தது.

தண்டவாளம் யாரும் மறுக்க முடியாத எல்லை. அதனால்தான் அதைத் தேர்ந்தேன் — அதனாலா? இங்கேயாவது பொய் வேண்டாம்.

மார்ச் 12
ஆணையத் தலைவரான நீதிபதி வரைவில் கையெழுத்திட்டார். உறவைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 20
ஆட்சேபணைக் கூட்டம். குடியிருப்பிலிருந்து ஒரு தையல்காரம்மா எழுந்தாள். “கால்வாய்க்கு அந்தப் பக்கம் எங்களுக்கு யாரைங்கய்யா தெரியும்? குழாயில தண்ணி வரலைன்னா யார்கிட்டப் போய் நிக்கிறது?”

பின்வரிசையிலிருந்து மைத்துனர், “கவலைப்படாதம்மா, நான் எங்கயும் போயிடல” என்றார். ஆட்சேபணை உண்டா என்று நீதிபதி கேட்டதற்கு, இல்லை என்றுவிட்டார்.

படியில் என் தோளைத் தட்டினார். “என்ன மாப்ள, என்னை நடுத்தெருவுல விட்டுட்டீங்க போல?”

“விதிப்படிதான் செஞ்சிருக்கேன்.”

“சேச்சே, நான் தப்பாவா சொன்னேன்?” சிரித்தார். தோற்கப்போகிறவனுக்கு ஏன் சிரிப்பு?

ஆகஸ்ட் 2
வேட்பாளர் பட்டியல் வந்தது. மைத்துனர் தெற்கில் நிற்கிறார். என் தொகுதியில்!

கோடு வாக்காளரைத்தான் கட்டும். வேட்பாளர் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். இத்தனை வருடம் கோடு போட்டவனுக்கு அது தோன்றவில்லை. அவர் ஓட்டையெல்லாம் மூட்டை கட்டி என் வாசலில் நானே இறக்கிவைத்திருக்கிறேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் அண்ணன் இந்தப் படி ஏறல. இனி ஓட்டுக் கேக்கவாவது வருவாரு. எல்லாம் உங்க புண்ணியம்.” கிண்டலா, சந்தோஷமா? முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 9
வந்தார். சாக்கடைத் தண்ணீரில் கால்சட்டை நனைந்துவிட்டது. “இப்படியா இருக்கு உங்க தெரு? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மாப்ள?”

“நீங்க வடக்குல இருந்தீங்க.”

“இப்ப வந்துட்டேன்ல. ஓட்டு எனக்குத்தானே?”

“அது ரகசியம்.”

“தங்கச்சி ஓட்டு போதும், போங்க.”

அவள் உள்ளே சிரித்தது கேட்டது.

அக்டோபர் 3
ஜெயித்துவிட்டார். குடியிருப்பு ஓட்டு அப்படியே விழுந்திருக்கிறது.

அக்டோபர் 21
காலையில் தெருவில் சத்தம். சாக்கடை உறிஞ்சும் வண்டி. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உங்க மச்சான் அனுப்பினாராம் சார். உங்களால தெருவுக்கே விடிவு.”

நான் கிளம்புவதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. செருப்பைக் காலிலேயே போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன்.