அஞ்சு கிலோ குறைஞ்சது போதும்

அன்பு மகள் கனிமொழிக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் சுகம். அந்த ஊருக் குளுருல நீயும் மாப்பிள்ளையும் கைப்புள்ளையும் சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு தினமும் பாடலீஸ்வரரை வேண்டிக்கிறேன். போன்ல பேசினா பாதியிலயே மறிச்சுடுற, அதான் எழுதி அப்பாகிட்ட குடுத்து அனுப்பச் சொல்றேன், முழுசாப் படி.

ஆறு மாசத்துல எண்பத்திநாலுல இருந்து எழுபத்தொம்போதுக்கு வந்துட்டேன்னு போன ஞாயித்துக்கிழமை நான் ஆசையா சொன்னதுக்கு, அஞ்சு கிலோதானாம்மா, என் ஃப்ரெண்டோட அம்மா ரெண்டே மாசத்துல பன்னெண்டு குறைச்சாங்கன்னுட்டே. சுருக்குன்னுச்சு. எடை குறைய நீ அனுப்புன பவுடரை நான் குடிக்காம இல்லடி. காலையிலயும் ராத்திரியும் அதைத்தான் கரைச்சுக் குடிச்சேன், மத்தியானம் வெறும் வெள்ளரிக்கா. இருபத்திமூணாம் நாள் மலர்க்கொடி சித்தியைப் பாக்கப் போனவ, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல கண்ணு இருட்டி விழுந்துட்டேன். சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கிட்டுப் பட்டினியும் கிடந்தா வேற என்ன ஆவும்? ஒரு பூக்காரம்மாதான் இனிப்பா டீ வாங்கி வாயில ஊத்துனாங்க. நீ பயந்துடுவேன்னு இத்தனை நாளா சொல்லல.

அப்புறம் சித்திதான் அண்ணாமலை நகர்ல தெரிஞ்ச டாக்டர் இசைவாணிகிட்ட கூட்டிப் போனா. எடை குறையறதைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்களாம். என்னைத் திட்டவேயில்ல. வேகமாக் குறைச்சா கொழுப்போட தசையும் கரைஞ்சு போவும், இந்த வயசுல தசை போனா காலுல வலுவே இருக்காதுன்னாங்க. எடையில நூத்துக்கு அஞ்சு பங்கு குறைஞ்சாலே சர்க்கரையும் பிரஷரும் எறங்குறதைப் பல ஆராய்ச்சியில பாத்திருக்காங்களாம். சோத்தை விடச் சொல்லல. தட்டுல பாதி காய், கால்வாசி பருப்போ மீனோ முட்டையோ, மீதிதான் சோறு. வாரம் மூணு நாள் எடை தூக்கணும். பாட்டில்ல மணலை ரொப்பி மொட்டை மாடியில தூக்கறேன்.

எதிர்வீட்டு சந்திரலேகா இப்ப அதே மாதிரி பவுடருக்கு ஏஜென்ட். என்னைப் பாத்து சிரிக்கிறதோட நிக்காம, மீட்டிங்குனு கூப்பிட்டு, பதினஞ்சு பொம்பளைங்க எதிர்ல எடை மெஷின்ல ஏத்தி, பவுடரை விட்டவங்க கதியைப் பாருங்கன்னா. நம்பரைச் சத்தமாவே படிங்க சந்திரலேகான்னேன். எறங்கி நின்னு, பஸ் ஸ்டாண்டுல விழுந்ததைச் சொன்னேன். எட்டே முக்கால்ல இருந்த மூணு மாச சராசரி சர்க்கரை ஏழுக்கு வந்த ரிப்போர்ட்டைக் காட்டுனேன். மாத்திரை போடுறவங்க டாக்டரைக் கேக்காம பட்டினி கிடக்காதீங்கன்னேன். அவ முகத்தைத் திருப்பிக்கிட்டா. மறுநாள் காலையில நாலு பேர் ஆளுக்கு ரெண்டு பாட்டிலோட நம்ம மாடிக்கு வந்துட்டாங்க.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன். புள்ள பொறந்து எட்டு மாசம்தான் ஆவுது, பாலும் குடுக்குற, நீ ஒரு வேளைதான் சாப்பிடுறதா மாப்பிள்ளை அழாத குறையா சொன்னாரு. கொத்துக் கொத்தா முடி கொட்டுதாமே. அவரைத் திட்டாத, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். எனக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மான்னு வீடியோவுல நீ சிரிச்சப்பவே எனக்குத் தெரியும். முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளரா இருந்தவடி நான், பசியை மறைக்கிற மூஞ்சி எனக்குத் தெரியாதா? பழைய ஜாக்கெட் பத்தலைன்னா வேற தைச்சுக்கலாம். உன் உடம்பைப் பாத்து எவ என்ன சொன்னான்னு எனக்கு சொல்லு, நான் பேசிக்கிறேன். அம்மாவைப் பாத்துதான் நீயும் சின்ன வயசுல இருந்தே உடம்பை நினைச்சு வெக்கப்பட்டேன்னா, அந்தத் தப்பு என்னோடது. இனிமே நான் வெக்கப்படப் போறதில்ல. உன்னையும் விட மாட்டேன்.

பவுடர் இனிமே அனுப்பாத, வந்தா திருப்பிடுவேன். முடி கொட்டறதுக்கு இந்த வாரமே டாக்டரைப் பாத்து ரத்த டெஸ்ட் பண்ணிக்க, மறந்துடாத. நீயும் குழந்தையும் நூறு வருஷம் நல்லா இருக்கணும். என்மேல கோவம் இருந்தா இருக்கட்டும், மொதல்ல வயிறார சாப்பிடு, அப்புறம் சண்டைக்கு வா.

உன் நல்லதையே நினைக்கிற அம்மா,
லோகநாயகி,
திருப்பாதிரிப்புலியூர்.