முப்பத்தொன்று வரும் மாதங்கள்

மார்ச் 2, ஞாயிறு

களையெடுக்க ஆள் போதவில்லை; நான் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். யாரிடம் என்று தெரியவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராதவளுக்கு வேறு வழியும் இல்லை.

அப்பா உயில் எழுதப் போகிறார். போன மாதம் மோட்டார் கொட்டகையில் மயங்கி விழுந்ததிலிருந்து அதே நினைப்பு. நகரத்திலிருந்து அண்ணன்கள் இருவரும் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள். அறுவடைக்குக் கூப்பிட்டால் லீவு கிடைக்காது. உயிலுக்குக் கேட்காமலே கிடைத்திருக்கிறது.

மார்ச் 3

அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். இந்த வீட்டின் முதல் பட்டதாரி, புள்ளியியல். இதுவரை விண்ணப்பம் நிரப்பத்தான் பயன்பட்டேன்; இப்போது பதவி உயர்வு.

நிலத்தைக் கைக்குழந்தையை ஒப்படைப்பது போல ஒப்படைக்கிறார். கிழக்குத் துண்டு பெரியவனுக்கு, மேற்கு சின்னவனுக்கு. வீடும் கிணற்றுத் துண்டும் இருவருக்கும் பொது. மோட்டார் ஆளுக்கு மூன்று நாள். ஏழாம் நாள் அதற்கு ஓய்வு. பள்ளமான மூலையில் மண் கொட்டி மேடாக்கக் கூடாது. மழைக்கு முன்பே வாய்க்காலைத் தூர்வார வேண்டும். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. மூன்று பக்கம் வந்தது.

பிறகு அம்மா. ஒரே வரி.

"ஒரு மாசம் பெரியவன் வீடு, ஒரு மாசம் சின்னவன் வீடு. எழுதிக்கோ."

எழுதினேன். ஒரு அடித்தல்கூட இல்லை. "முத்து முத்தா எழுதுறா பாரு" என்று பஞ்சாயத்துக்கு வந்திருந்த மாமா மெச்சிக்கொண்டார். தூ.

"உனக்குத்தான் படிப்பைக் குடுத்தாச்சேம்மா" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

மார்ச் 4

பெரிய அண்ணி காலையிலிருந்து காலண்டரும் கையுமாக இருந்தார். "ஜனவரி, மார்ச், மே, ஜூலை... முப்பத்தொண்ணு வர்ற மாசமா பார்த்து எங்களுக்கே விழுதே! ஏம்மா, கணக்குப் படிச்சவ நீ சொல்லு."

சொன்னேன். பெரியவர் வீட்டில் அம்மா நூற்று எண்பத்து நான்கு நாள். சின்னவர் வீட்டில் நூற்று எண்பத்தொன்று. இதற்குத்தான் மூன்று வருஷம் பஸ் ஏறிப் போய்ப் படித்தேன்.

மூன்று நாளுக்கு ஒன்றரை மணி நேரம் சண்டை.

"லீப் வருஷத்துல எனக்கு ஒரு நாள் கூடுதே, அதை ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீங்க?" இது சின்ன அண்ணன். என்னமோ பெரிய தியாகம்!

"வருஷத்துக்கு வருஷம் முறையை மாத்திக்கோங்கடா" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டாவது காபி கேட்டார்.

அம்மா அங்கேதான் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அந்த வயலில் குனிந்து நிமிர்ந்தவள். தலை தூக்காமல் கேட்டாள்: "அந்த மூணு நாளும் நான் மாட்டுக் கொட்டாய்ல இருந்துக்கிறேன். மாட்டை யாருக்கு எழுதியிருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல ஜோக்காம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் 5

நான் ஏன் பேசவில்லை? அவர்களைக் காறித் துப்பி மூன்று நாளாக எழுதுகிறேன். அந்த வரியை எழுதிய கை யாருடையது?

மார்ச் 7

பத்திரம் எழுதுபவரின் கடை. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, சுற்றாத ஃபேன். என் மூன்று பக்கத்தைப் படித்துவிட்டு அவர் கேட்டார்: "சாட்சிக்கு ரெண்டு பேர் வேணுமே?"

"மாமா ஒருத்தர். இன்னொண்ணு எங்க தங்கச்சி. படிச்சவ" என்றார் பெரிய அண்ணன். திடீரென்று பெருமை!

"பங்கு இருக்கிறவங்க சாட்சி போடக் கூடாதும்மா. உனக்கு ஏதாவது எழுதியிருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய அண்ணன் முந்திக்கொண்டார்: "அவளுக்கா? ஒண்ணுமில்லீங்க. தாராளமா போடலாம்."

தாராளமாக!

அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். பச்சைப் பொய். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று எழுந்தோம். பஸ்ஸில் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பைக்குள்ளதானே இருந்துச்சு?"

"ஆமாப்பா."



மார்ச் 8

அண்ணன்கள் கிளம்பிவிட்டார்கள். லீவு முடிந்ததாம். பஸ் ஸ்டாண்டு வரை மாமாவும் போனார், முறை மாற்றுவதை இன்னொரு தரம் விளக்க.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் அப்பா புதுத் தாளோடு வந்தார். "மோட்டாருக்குக்கூட ஓய்வு எழுதினேன். உங்கம்மாவை மூட்டை மாதிரி ரெண்டு வீட்டுக்கும் தூக்கி விட்டேனே. நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்ப்பா."

"எழுது. வீடும் கிணத்துத் துண்டும் உங்கம்மாவுக்கு. தண்ணி வேணும்னா பசங்க அவளைக் கேட்டு எடுத்துக்கட்டும். அந்த மாசக் கணக்கை அடிச்சுடு. மத்ததெல்லாம் பழையபடி."

எழுதினேன். இந்த முறை எழுத்து கோணலாக வந்தது.

"சாட்சிக் கையெழுத்தை நாளைக்கே வந்து போட்டுடும்மா" என்றார்.

பேனாவை மூடினேன். கல்லூரி ஃபீஸ் தவிர அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை.

"சாட்சிக்கு வேற ஆள் பாருங்கப்பா. அம்மாவுக்கு அப்புறம் கிணத்துத் துண்டு எனக்குன்னு எழுதணும்."