பத்தொன்பது வருடத்து வெளியூர்க்காரி

மார்ச் 11

ஊர்க்கூட்டம். காலை முழுக்கச் சாலைக் குழிகளைப் பற்றிச் சண்டை, மதியம் சாப்பிட ஆப்பிள் பை. அப்புறம் நூலகத்தின் கோரிக்கை வந்தது. கோடையில் வருகிறவர்களுக்காக நம் மெய்ன் மாநிலத்தையும் அதன் மக்களையும் பற்றி ஒரு சிறு புத்தகம். யார் எழுதுவது?

முப்பது வருடம் இந்த ஊர்த் தபால் நிலையத்தில் உட்கார்ந்தவள் நான். எந்த வீட்டில் எந்தப் பையன் அப்பாவோடு பேசுவதில்லை என்பது வரை தெரியும். யாரோ மார்லீன் பெயரைச் சொன்னார்கள். நியூஜெர்சிக்காரி! இங்கே வந்து பத்தொன்பது வருடம்தான் ஆகிறது. சம்மதம் என்றால் கை தூக்கச் சொன்னார்கள்.

வெர்னா தூக்கினாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்கிற வெர்னா. இன்றும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

வயிறு எரிகிறது. இதை வேறு எப்படி எழுதுவது?

மார்ச் 12

கடைக்கார ஆல்டன், "என்ன லெட்டி, மூஞ்சி திரிஞ்ச பால் மாதிரி இருக்கு?" என்றான்.

"அடுப்புக்குள்ள பூனை குட்டி போட்டா, குட்டியெல்லாம் ரொட்டி ஆயிடுமா?" என்றேன். வெளியூர்க்காரர்களைப் பற்றி இங்கே சொல்கிற பழமொழி.

"ஆகாது. ஆனா அந்தம்மாவுக்கு எழுத வருமே. உனக்கு வராதே."

போக்கிரி.

மார்ச் 19

சாயங்காலம் மார்லீன் விவரம் கேட்க வந்தாள்.

"மெய்ன் ஜனங்க எப்படிப்பட்டவங்க லெட்டி?"

"சுமாரா இருப்பாங்க."

"இந்தக் குளிர்காலத்தை எப்படித் தாங்கறீங்க?"

"கோட்டு இருக்கு."

"சிங்கி இறால் கூண்டு போடப் போறவங்களுக்குக் கடல்னா பயம் உண்டா?"

"சில பேருக்கு."

சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டுப் போனாள். கோபித்துக்கொண்டு போயிருந்தால் தேவலை.

மார்ச் 26

செவ்வாய்க்கிழமை என்றால் வெர்னா வீட்டில் காபி. ரொம்ப வருட வழக்கம். மூன்று வாரமாக வேலை இருக்கிறது என்கிறாள். என்ன வேலை? போய்ப் பார்த்தேன். அவள் கார் நிற்கிறது, அவளைக் காணோம்.

திரும்பும் வழியில் எதிரே மார்லீனின் கார். பக்கத்தில் வெர்னா! ஸ்டியரிங்கிலிருந்து விரலைத் தூக்கினேன். இந்த ஊரில் எதிரே வருகிற காருக்கு அதுதான் வணக்கம், நம் மேல் கேஸ் போட்டவனுக்குக்கூட விரல் தூக்குவோம். மார்லீன் தூக்கினாள். வெர்னா நேராக என்னைப் பார்த்தாள், மடியிலிருந்த கையை எடுக்கவில்லை.

என்ன செஞ்சேன் நான் அவளுக்கு?

ஏப்ரல் 2

இரண்டு பேரும் செவ்வாய்தோறும் பாங்கோர் நகரத்துக்குப் போகிறார்களாம், ஆல்டன் சொன்னான். கடைகண்ணி சுற்றத்தான் இருக்கும். சுற்றட்டும். எனக்கென்ன?

ஏப்ரல் 20

தேவாலயத்தில் சனிக்கிழமை பீன்ஸ் விருந்து. அவர்கள் ஒரு மேஜையில், நான் தூரத்தில் ஆல்டனோடு. மார்லீன் வெர்னாவுக்குப் பீன்ஸ் எடுத்து வைக்கிறாள், முள்கரண்டியைக் கையில் எடுத்துக் கொடுக்கிறாள். மகாராணிக்குத் தோழி! நானே சுட்டுக் கொண்டுபோன ரொட்டியை ஆல்டன் தட்டில் தள்ளிவிட்டேன்.

வெளியே போகும்போது வெர்னா என் மேல் இடித்தாள். "மன்னிச்சுக்குங்க" என்றாள். யாரோ போல. என்கிட்ட!

ஏப்ரல் 21

மார்லீன் வந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"லெட்டி, வெர்னாவுக்குக் கண்ணு போயிட்டிருக்கு. அதுக்குத்தான் பாங்கோர். மாசத்துக்கு ஒரு ஊசி. மத்த செவ்வாயெல்லாம் குறைஞ்ச பார்வையோட சமைக்க, நடக்கக் கத்துக் குடுக்கறாங்க. வெளிய தெரிஞ்சா தனியா இருக்க விட மாட்டாங்கன்னு அவளுக்குப் பயம். நேத்து இடிச்சது உங்களைன்னு நான் சொல்லித்தான் தெரியும். வீடு வரைக்கும் அழுதா."

"உன்கிட்ட சொல்லுவா, என்கிட்ட சொல்ல மாட்டாளா?"

"நான் கேட்டேன். கண்ணுக்கு என்னன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

ஜனவரியில் வெர்னா என் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். கோப்பை முழுவதையும் குடித்து முடித்தேன், வாய் திறக்கவில்லை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று வளர்ந்த புத்தி. மறுநாள் மீன் சூப் வைத்து, அவள் வாசலில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் வந்தேன். பெரிய உதவி!

இன்னொன்று, எழுதவே கூசுகிறது. கண் போகிறது என்று கேட்டதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது? மார்லீன்கிட்ட முதல்ல சொல்லிட்டாளே என்றுதான்.

ஏப்ரல் 22

போனேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "வெர்னா, உனக்கு எவ்வளவு தெரியுது?"

"ஓரமெல்லாம் தெரியுது. நடுவுல ஒண்ணுமில்ல. நீ நேரா நின்னா உன் மூஞ்சி கிடையாது."

"பெரிய நஷ்டமில்ல."

சிரித்தாள். அப்புறம், "ஜனவரியிலேருந்து காத்துக்கிட்டிருக்கேண்டி, நீ கேப்பேன்னு" என்றாள்.

"வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"கேக்காம எப்படிச் சொல்றது?"

ஒரே ஊர்ச் சரக்கு இரண்டும். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது எங்களுக்குப் பழக்கமில்லை, இரண்டு பேருக்கும் சங்கடமாக இருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல், "அவளுக்கு ஏன் கை தூக்கினே?" என்றேன்.

"நல்லா எழுதுவாளே" என்றாள். மருந்துக்குக்கூட ஒரு பொய் சொல்ல மாட்டாள்.

மே 14

ஒரு செவ்வாய் என் முறை, ஒரு செவ்வாய் மார்லீன் முறை. அவள் முறையன்று எனக்கு வீட்டில் ஒரு வேலையும் ஓடுவதில்லை.

ஜூன் 25

என் முறை. பாங்கோரிலிருந்து திரும்பியதும் வெர்னா புத்தகத்தை எடுத்து நீட்டினாள். அச்சாகி வந்துவிட்டது.

"ஜனங்களைப் பத்தின பக்கத்தைப் படி."

படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, பாழாய்ப்போனது. பாதியில் ஒரு வரி வந்தது. கண்ணால் படித்துவிட்டு, வாயால் தாண்டிப் போனேன்.

"நடுவுல ஒண்ணை விட்டுட்டே" என்றாள் வெர்னா.

"இல்லையே."

"போன செவ்வாய் அவ படிச்சுக் காட்டிட்டா லெட்டி. படி."

முதலில் அவளே படித்துக் காட்டிவிட்டாள். எப்போதும்போல. திரும்பிப் போய் அந்த வரியைப் படித்தேன்: 'பனியில் புதைந்த உங்கள் காரைத் தோண்டி எடுத்து வைத்துவிட்டு, வீட்டுக் கதவைத் தட்டாமல் போய்விடுவார்கள், உள்ளே நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று மட்டும் கேட்கவே மாட்டார்கள்.'

"இன்னொரு தடவை" என்றாள் வெர்னா.

முணுமுணுப்பாகப் படித்தேன்.

"சத்தமா" என்றாள்.